அஞ்சலையம்மாவின் வாயில் இரண்டு பேர்

போன மாதம் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் ஒரு புதுமனை விருந்துக்குப் போயிருந்தேன். மைக்கைப் பிடித்தவர், விருந்தோம்பல் தமிழனின் டிஎன்ஏவிலேயே இருக்கிறது என்றார். கை தட்டினார்கள். அடுத்து வந்த கட்சிக்காரர், உழைப்பும் நம் டிஎன்ஏவிலேயே இருக்கிறது என்றார். அதற்கும் தட்டினார்கள். நான் மட்டும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை செய்த காலத்தின் பின்பாதி முழுக்க அந்த டிஎன்ஏவைத்தான் குழாய் குழாயாகக் கையாண்டிருக்கிறேன். விருந்தோம்பலை ஒரு தடவைகூட அதில் கண்டதில்லை.

அந்த எரிச்சல் அடங்கும் முன்னே, நான் வேலை பார்த்த ஈப்போ ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் வாட்சாப்பில் வந்தார்கள். புதிதாக ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார்களாம். கன்னத்தில் தேய்த்த குச்சியை ஒரு பக்கம் நுழைத்தால் மறுபக்கம் முடிவு வந்துவிடுமாம். "அக்கா, அந்தக் காலத்துல நீங்கெல்லாம் எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க லா" என்றார்கள். அந்தக் காலமாம். நான் போட்டுக் கழற்றிய வெள்ளைக் கோட்டு இன்னும் சாயம் போகாமல் என் அலமாரியில் தொங்குகிறது.

சரி, எழுதுகிறேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டினார்கள், பட்டையைக் கீறிப் பாலெடுக்கும் வேலை. ஆய்வுக்கூட வேலைக்குக் கோலாலம்பூரில் படித்தேன். திரும்பி வந்து வெகுகாலம் அடுத்தவர்களின் மூத்திரத்தையும் சளியையும் பார்த்தேன். டிஎன்ஏ பிரிவு திறந்தபோது யாரும் போக விரும்பாததால் என்னைத் தள்ளிவிட்டார்கள். பயிற்சிக் காலம் இவ்வளவுதான், இதில் சுவையாக ஒன்றும் இல்லை.

பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பின்னால் வரும் கூத்து புரியாது. டிஎன்ஏ என்பது முறுக்கிவிட்ட ஓர் ஏணி. இரண்டு பக்கக் கட்டைகளும் சர்க்கரையாலும் பாஸ்பேட்டாலும் ஆனவை. நடுவில் இருக்கும் படிகளில் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. ஏவுக்கு எதிரே டி மட்டும்தான் நிற்கும், ஜிக்கு எதிரே சி மட்டும்தான். அதனால் பாதி ஏணி கையில் இருந்தால் போதும், மறுபாதியை யாரையும் கேட்காமல் எழுதிவிடலாம். உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் இதைத்தான் செய்கிறது. ஒரு நொதி ஏணியை நடுவில் பிரித்துக்கொண்டே போகும். இன்னொரு நொதி பின்னாலேயே வந்து ஒவ்வொரு பாதிக்கும் ஜோடி எழுத்தை வைத்துக்கொண்டே வரும். அதற்கு ஒரு திசையில் மட்டும்தான் எழுத வரும். இரண்டு இழைகளோ எதிரெதிராக ஓடுகின்றன. ஆகவே ஒன்றை ஒரே மூச்சில் எழுதிவிட்டு, மற்றதைத் துண்டு துண்டாக எழுதும். துண்டுகளை ஒட்ட வேறொரு நொதி வரும். எழுதும் நொதியே, தப்பாக வைத்த எழுத்தைத் திரும்பிப் பார்த்து எடுத்துவிட்டுச் சரியானதைப் போடவும் செய்யும். முடிவில் இரண்டு ஏணிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய இழை, ஒரு புது இழை.

குழாயில் நாங்கள் செய்ததும் இதே வேலைதான், கொஞ்சம் முரட்டுத்தனமாக. பிரிப்பதற்கு நொதி கிடையாது, சூடு மட்டும்தான். எங்கே தொடங்க வேண்டும் என்று காட்ட முன்னும் பின்னும் ஒரு சின்னத் துண்டு. பிறகு சூட்டில் சாகாத ஒரு நொதி. சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி சூடாக்கினால் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், மதியச் சாப்பாட்டுக்குள் கோடிக்கணக்கில் பெருகிவிடும். இந்த நொதிக்கு ஒரு குணம் உண்டு. அது ஆள் பார்க்காது. குழாயில் விழுந்தது நோயாளியின் எச்சிலா என்னுடைய தும்மலா என்று கேட்காமல் நகலெடுத்துத் தள்ளும். எங்கள் வேலையின் பாதித் தொல்லை இந்தக் குணத்தால் வந்தது.

மீதித் தொல்லை மிஸ் லாவால் வந்தது. அவர் எங்கள் பிரிவுத் தலைவி. ஒல்லியான சீனப் பெண்மணி, குரலை உயர்த்தவே மாட்டார். காலையில் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வராது, "வெறுங்குழாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். வெறுங்குழாய் என்றால் எல்லா மருந்தும் ஊற்றி, டிஎன்ஏ மட்டும் போடாத குழாய். அதில் ஒன்றும் விளையக் கூடாது. விளைந்தால் எங்கிருந்தோ அழுக்கு வந்திருக்கிறது, அன்றைய வேலை மொத்தமும் குப்பை. மிஸ் லாவ் அந்தத் தாளைப் பார்ப்பார், பென்சிலால் ஒரு வட்டம் போடுவார், "ஊலாங்" என்பார். மலாயில் 'திரும்பச் செய்' என்று அர்த்தம். ஏன், எப்படி, யார் தப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது.

அவருடைய சட்டங்களைக் கேளுங்கள். மருந்து கலக்கும் அறை வேறு, நகல் பெருகும் அறை வேறு. முதல் அறையிலிருந்து இரண்டாவதற்குப் போகலாம். இரண்டாவதிலிருந்து முதலுக்கு அன்றைக்குத் திரும்பவே கூடாது, ஏனென்றால் நம் உடம்பிலும் முடியிலும் கோடி நகல் ஒட்டிக்கொண்டு வரும். மின்விசிறி கூடாது. தலையில் பூ கூடாது. நெற்றியில் திருநீறு உதிருமாம், அதுவும் கூடாது. ஒரு நாள் மூக்குக் கண்ணாடியை முதல் அறையில் மறந்துவிட்டேன். எட்டித்தானே எடுக்கப் போகிறோம் என்று ஒரு காலை உள்ளே வைத்தேன். மிஸ் லாவ் பார்த்துவிட்டார். என்னை வீட்டுக்குப் போய்த் தலை குளித்து, வேறு துணி மாற்றி வரச் சொன்னார். நடுப்பகல் வெயிலில், சிலிபினில் இருக்கும் என் வீடு வரை, மோட்டார் சைக்கிளில். குளித்து ஈரத் தலையோடு வந்து நின்றபோது, அந்த முதல் அறையைத் துடைக்கச் சொல்லி ப்ளீச் வாளியையும் கொடுத்தார்.

இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது? என் தங்கை சரோஜாவிடம்தான். தினமும் மதியம் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்குப் போன் போடுவேன். அடுத்த மேசையில் மிஸ் லாவ் ரொட்டியைக் கடித்தபடி தாள் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பாட்டுக்குத் தமிழில் வெளுத்து வாங்குவேன். இந்த ஊலாங் மகாராணிக்கு வீடு வாசல் கிடையாதா, இந்தப் பொம்பளையைக் கட்டிக்கொள்ள எவன் வருவான், சிரித்தால் பல் உதிர்ந்துவிடுமா என்று ஒன்று விடமாட்டேன். அவர் தலை நிமிரமாட்டார். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் நான் எப்போதோ வேலையை விட்டிருப்பேன்.

அஞ்சலையம்மாவின் குச்சி வந்தது இந்தச் சூழலில்தான். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு.

அஞ்சலையம்மா அறுபதைத் தாண்டியவர், பழைய தோட்டத் தொழிலாளி, நீல அடையாள அட்டை உள்ள குடிமகள். மகள் கோகிலாவுக்கு இருபது வயதிருக்கும். அவளுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. அஞ்சலையம்மாவுக்குக் கோவிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணத்தைப் பதியவில்லை. பிள்ளை தோட்டத்து வரிசை வீட்டில், லயத்திலேயே பிறந்தது. பதிந்துவிட்டு வருகிறேன் என்று போன புருஷன் பதியவும் இல்லை, வரவும் இல்லை. நம்மவர்களில் இப்படி எத்தனை பேர் என்று நினைத்தாலே எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். நாதஸ்வரத்துக்கும் பந்தலுக்கும் ஆள் தேடி அலைவார்கள், பதிவு அலுவலகத்துக்கு ஒரு நடை போகமாட்டார்கள்.

ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லாத பிள்ளைக்கு வங்கிக் கணக்கு கிடையாது, லைசென்ஸ் கிடையாது, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளிநாட்டுக்காரர் கட்டணம். லூமுட்டில் ஒரு ஹோட்டலில் கோகிலாவுக்கு வேலை கிடைத்து, பெட்டி படுக்கையோடு போனவளை முதல் நாளே ஐசி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் வழி. ஆனால் அஞ்சலையம்மாதான் தாய் என்பதற்குச் சாட்சி வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் பெற்றதாகச் சொன்னதால் அதிகாரிகளுக்குச் சந்தேகம். எங்கிருந்தோ வாங்கி வளர்த்த பிள்ளையோ என்று. எங்கள் அறிக்கை ஒன்றுதான் பாக்கி.

ஒரு கிளினிக்கில் இருவரின் கன்னத்திலும் குச்சியால் தேய்த்து அனுப்பினார்கள். மகளின் குச்சி சுத்தமாக வந்தது. அம்மாவுடையதில்தான் வினை.

டிஎன்ஏவில் சில இடங்களில் எழுத்துகள் திக்குவாய்போல ஒரே அடுக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, ஆக எங்கள் படத்தில் ஒருவருக்கு ஓரிடத்தில் அதிகபட்சம் இரண்டு கூம்புகள் தெரியும். அஞ்சலையம்மாவின் படத்தில் இடத்துக்கு இடம் மூன்று நின்றது. ஒரு வாயில் இரண்டு பேர். வெறுங்குழாய் சுத்தமாக இருந்ததால் அழுக்கு எங்களுடையது அல்ல. மிஸ் லாவ் மகளின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கூடுதலாக நின்ற ஒவ்வொரு கூம்பும் கோகிலாவின் படத்தில் இருந்தது.

மகள் தன் எச்சிலை அம்மாவின் குச்சியில் தேய்த்து ஏமாற்றப் பார்த்தாள் என்றுதான் எவனும் சொல்வான். மகளுடையதைக் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்து அறிக்கை எழுதலாமே என்று கேட்டுப் பார்த்தேன். ஊகத்தை அறிக்கையாக எழுத முடியாது என்றார் மிஸ் லாவ். இன்னும் இரண்டு வாய்ப்புத்தான், அதற்குள் சரியான மாதிரி வராவிட்டால் 'நம்பத்தகாத மாதிரி' என்று குறிப்பெழுதிக் கோப்பைத் திருப்ப வேண்டும், அதுதான் விதி என்றார். அப்படி ஒரு குறிப்பு போனால் கோகிலாவின் கதை அதோடு முடிந்தது. பென்சிலை எடுத்து வட்டம் போட்டார். "ஊலாங்."

சாப்பிடாமல், குடிக்காமல் வரச் சொல்லி இரண்டாவது முறை எடுத்தார்கள். இந்த முறை ஒன்றுமே விளையவில்லை. எப்போதும் விளைய வேண்டும் என்றே நாங்கள் சேர்த்துவிடும் சோதனைத் துண்டுகூட விளையவில்லை. அதாவது குழாய்க்குள் ஏதோ ஒன்று நொதியின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. குச்சி செந்நிறமாக இருந்தது. கிளினிக்கைக் கூப்பிட்டுக் கேட்டால், ஈறில் ரத்தம் போலிருக்கிறது என்று சாவகாசமாகப் பதில் சொன்னார்கள். ரத்தம் என்றால் டிஎன்ஏ கொட்டிக் கிடக்க வேண்டுமே என்று நான் கத்தினேன். போன் வைக்கப்பட்டுவிட்டது.

மிஸ் லாவ் வந்தார். குச்சி வந்த காகித உறையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். இந்தப் பொம்பளைக்குக் கடைசியில் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சரோஜாவிடம் அன்றைக்கே சொன்னேன். உறையை வைத்துவிட்டு, மூன்றாவது முறை குச்சி வேண்டாம், ஊசி எடுத்துக்கொண்டு நீயே போ, ரத்தம் எடு, அந்த அம்மா வாயில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார் என்றார்.

போனேன். பழைய ரப்பர் மரமெல்லாம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்ட தோட்டம் அது. செம்மண் பாதையில் லாரி போன பள்ளங்கள், அவற்றில் தண்ணீர். என் காரின் அடிப்பாகம் இரண்டு இடத்தில் தட்டியது. லயத்தின் கடைசி வீட்டு வாசலில் அஞ்சலையம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாயில் ஒரு பல்கூட இல்லை, சர்க்கரை வியாதியில் எல்லாம் போய்விட்டதாம். பக்கத்தில் படியில் உட்கார்ந்து கோகிலா எதையோ மென்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தவள், பேச முடியாமல் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். பிறகு வாயிலிருந்து மென்ற வெற்றிலையை எடுத்து, சின்ன உருண்டையாக்கி, அம்மாவின் வாயில் வைத்தாள்.

நான் ஊசிப் பையோடு அப்படியே நின்றேன். இரண்டு பேர் எப்படி ஒரு வாய்க்குள் வந்தார்கள், நொதியின் கையைக் கட்டியது எது, எல்லாம் என் கண் முன்னாலேயே நடக்கிறது. முதல் தடவை மகளின் எச்சில் மட்டும் மிஞ்சியிருக்கும், இரண்டாம் தடவை வெற்றிலைச் சாறும் சேர்ந்திருக்கும். சுண்ணாம்பும் பாக்கின் துவர்ப்பும் போதாதா, அந்த நொதியைச் சாகடிக்க?

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று சொல்லவில்லையா என்று அஞ்சலையம்மாவைக் கேட்டேன்.

"நான் எங்க மிசி சாப்பிட்டேன்? பச்சத் தண்ணி குடிக்கல. அந்த மலாய்க்கார மிசி 'சூடா மாக்கான்?'னு கேட்டுச்சு, 'பெலும்'னு சொன்னேன். வெத்தல என்ன சாப்பாடா?"

'சாப்பிட்டாச்சா?' என்று மலாயில் கேட்டதற்கு 'இன்னும் இல்லை' என்று சொல்லியிருக்கிறார். கிளினிக்கில் கேட்ட நர்சுக்கு வெற்றிலை நினைவுக்கு வரவில்லை. இவருக்கு வெற்றிலை சாப்பாடு என்று தோன்றவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருந்தது. வெற்றிலை இடிக்க ஓர் உரல் வாங்கித் தொலைக்கக் கூடாதா என்று கோகிலா பக்கம் திரும்பினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாங்கிக் குடுத்தேன் அக்கா. இரும்பு வாட அடிக்குதுன்னு தூக்கிப் போட்டிருச்சு. எனக்கு இந்த வெத்தலையே புடிக்காது, மென்னு குடுத்ததும் வாயக் கொப்புளிச்சிருவேன். ஆனா இது இல்லாட்டி அம்மாவுக்குச் சோறு எறங்காது. இதனாலயா எனக்கு ஐசி வராமப் போச்சு?"

அவள் மேல் கோபப்பட்டதற்கு எனக்கே வெட்கமாகிவிட்டது. இன்னும் ஒன்றும் போகவில்லை என்று சொல்லி, அஞ்சலையம்மாவின் கையை வாங்கி நரம்பு தேடினேன். ரத்தத்துக்குள் வெற்றிலை போகாது. ஊசி குத்தும்போது அவர் முகம் சுளிக்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசினார். "நான் பெத்த புள்ளன்னு இருவது வருசமா நான் சொல்றேன், ஒருத்தனும் கேக்கல. இத்தனூண்டு ரத்தம் சொன்னா கேப்பாங்களா?" கேட்பார்கள் என்றேன். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். வாயில் வெற்றிலையை இன்னொரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, சரி என்று தலையாட்டினார்.

ரத்தம் ஒரே தடவையில் பேசிவிட்டது. இடத்துக்கு இடம் இரண்டே கூம்புகள், அவற்றில் ஒன்று ஒவ்வோர் இடத்திலும் கோகிலாவிடமும் இருந்தது. மிஸ் லாவ் தாளை வெகுநேரம் பார்த்தார். பென்சில் மேசையிலேயே கிடந்தது. அதன் பிறகு மாதிரி எடுப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் வெற்றிலையைச் சேர்க்க வைத்தார். இப்போது பெட்டி வந்த பிறகு அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்களாம், யார் அக்கா இப்ப வெத்தலை போடறாங்க என்கிறார்கள். பெட்டிக்குள் இருப்பதும் அதே நொதிதான் பிள்ளைகளே. சுண்ணாம்புக்கு அது பெட்டிக்குள்ளும் பயப்படும்.

கோகிலாவின் நீல அட்டை அதற்கப்புறமும் எத்தனையோ முகப்புக் கவுண்டர்களில் அலைந்துதான் வந்தது. அதை எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். வந்துவிட்டது, அது போதும். நான் சொல்ல வந்தது அறிக்கை வாங்க அம்மாவும் மகளும் ஆய்வுக்கூடத்துக்கு வந்த நாளைப் பற்றி.

முகப்பில் நான்தான் நின்றேன். அஞ்சலையம்மா அறிக்கையை வாசித்துச் சொல்லச் சொன்னார். எங்கள் அறிக்கையின் மொழி உங்களுக்குத் தெரியாது. 'இவர் உயிரியல் தாயாக இருக்கும் சாத்தியத்தை விலக்க இயலாது' என்று இருக்கும், அதன் கீழே ஒரு பெரிய எண். அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"விலக்க முடியலன்னா? அப்ப இன்னும் சந்தேகம்தானா?" என்றார் அஞ்சலையம்மா. கோகிலாவின் முகம் வெளுத்துவிட்டது. இல்லை, இப்படித்தான் எழுதுவார்கள், இதற்கு ஆமாம் என்று அர்த்தம் என்று விளக்கினேன். ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுத வேண்டியதுதானே என்றார். மறுபடி விளக்கினேன். மறுபடி கேட்டார். என் குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே இருந்து மிஸ் லாவ் வந்தார். முகப்புக்கு அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. என்னைத் தாண்டிப் போய் அஞ்சலையம்மாவின் எதிரே நின்றார்.

"அம்மா, நீங்கதான் பெத்தவங்க" என்றார், நல்ல தோட்டத்துத் தமிழில். "ஒரு சந்தேகமும் இல்ல. இந்தப் பேப்பருக்கு இப்படித்தான் பேசத் தெரியும்."

அஞ்சலையம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. பிறகு தோட்டத்து ஆட்கள் முதலில் கேட்பதைக் கேட்டார். "மிசி எந்தத் தோட்டம்?"

"அப்பா தோட்டத்துல மளிகைக் கடை வச்சிருந்தாரு. சின்னப் புள்ளையில நான்தான் வெத்தல அடுக்கிக் கட்டுவேன். அந்த வாசன எனக்கு மறக்காது."

காகித உறையை ஏன் மூக்கில் வைத்தார் என்று அப்போது எனக்கு விளங்கியது. வேறு ஒன்றும் அதோடு சேர்ந்து மெதுவாக விளங்க ஆரம்பித்தது. சோற்றுப் பெட்டி, சரோஜா, அடுத்த மேசை. காது இரண்டும் சூடாகிவிட்டன.

கோகிலா அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், வாசல் படியிலேயே அவள் பையைத் திறந்து வெற்றிலையை எடுத்து வாயில் போட்டு மெல்லத் தொடங்கியது தெரிந்தது. மிஸ் லாவும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே திரும்பியவர், என் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"ஒங்க தங்கச்சி சரோஜா சொகமா?" என்றார்.

அன்றைக்கு மதியம் நான் யாருக்கும் போன் போடவில்லை.